காட்டேரி வந்தால் ஊர் என்ன செய்யும்? வீடியோ கேமும் பழைய ஏடுகளும்

மலர்க் கட்டுரைக்கு இது என்ன தலைப்பு என்று சிலருக்குத் தோன்றலாம். பேயைப் பாடுவது தமிழுக்குப் புதிதல்ல. கலிங்கத்துப்பரணியில் பேய்கள் கூழ் காய்ச்சுகின்றன. காரைக்காலம்மையார் தம்மையே பேய் என்று சொல்லிக்கொண்டார். சமணர்களாகிய எங்களுடைய நீலகேசிக் காப்பியத்துக்கோ நாயகியே ஒரு பேய்தான். ஆனால் வெளிமாநிலத்தில் வளரும் நம் வீட்டுப் பிள்ளைகள் இன்று பேயைச் சந்திப்பது பரணியிலும் இல்லை, பாட்டி சொல்லும் கதையிலும் இல்லை. கம்ப்யூட்டர் திரையில்தான். அங்கே வரும் பேய் பெரும்பாலும் ஐரோப்பாப் பேய், வேம்பயர். பிள்ளைகள் ஆடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த பெரியவர்கள் யாராயிருந்தாலும் ஒரு கேள்வி எழும். கதாநாயகன் கத்தி வீசுகிறான், சரி. அது அவன் தொழில். அந்த ஊரில் இருக்கிற கடைக்காரன், சத்திரக்காரன், தண்ணீர் எடுத்துப் போகிற பெண், இவர்களெல்லாம் காட்டேரியைக் கண்டால் செய்வதாகக் காட்டுகிறார்களே, நிஜத்தில் மனுஷர்கள் அப்படித்தான் செய்வார்களா?

விளையாட்டுக் கேள்விபோலத் தெரிந்தாலும் இதற்கு விடை தேட வழி இருக்கிறது. காட்டேரி இருந்ததோ இல்லையோ, காட்டேரி வந்துவிட்டது என்று முழுமனதாக நம்பிய ஊர்கள் இருந்தன. அந்த ஊர்ஜனங்கள் என்ன செய்தார்கள் என்று அதிகாரிகள் எழுதிவைத்த அறிக்கைகளும் இருக்கின்றன.

முதலில் சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். வேம்பயரை இரத்தக் காட்டேரி என்று தமிழில் எழுதுகிறோம். நம்மூர்க் காட்டேரி வேறு. அவளுக்குக் கோயில் உண்டு, படையல் உண்டு, எத்தனையோ குடும்பங்களுக்குக் குலதெய்வம் அவள். ஐரோப்பாக்காரன் சொல்வது செத்துப் புதைத்தவன் குழியை விட்டு எழுந்து வந்து, சொந்த ஊர்க்காரர்களின் உயிரை உறிஞ்சுவதை. புதைக்கிற வழக்கம் உள்ள இடத்தில்தான் இந்த நம்பிக்கைக்கு வேர் பிடிக்கும். தோண்டிப் பார்க்க உடல் வேண்டுமே. சுடுகாட்டில் எரித்துச் சாம்பலைக் கரைத்துவிட்ட பிறகு எதைத் தோண்டுவது? வேறு நல்ல சொல் இல்லாததால் காட்டேரி என்றே இங்கே எழுதுகிறேன்.

இனி கேம்களுக்கு வருவோம். ஜப்பானியக் கம்பெனி கொனாமி 1987இல் வெளியிட்ட காசில்வேனியா இரண்டாம் பாகத்தில் பகல், இரவு என்று பொழுது மாறும். பகலில் ஊருக்குள் போனால் ஜனங்கள் நடமாடுவார்கள், கடையில் சாமான் வாங்கலாம். பொழுது சாய்ந்ததும் தெரு காலி. கடை கிடையாது, மனுஷ வாடை கிடையாது, பேய்கள் மட்டும் திரியும். அந்தக் காலத்துச் சின்ன இயந்திரத்தில் அவ்வளவுதான் காட்ட முடிந்தது. ஆனாலும் எனக்கு இது மிகவும் பிடித்தது. இருட்டினால் கதவைச் சாத்து என்பதுதான் சாதாரண மனுஷனின் முதல் புத்தி. சூரியன் மறைந்தபின் உண்ணாத சமணக் குடும்பத்தில் பிறந்தவனுக்கு இருட்டோடு ஒதுங்கும் ஊர் அந்நியமாகவும் தெரியாது. அந்த ஊரார் வழிப்போக்கனிடம் சொல்லும் தகவல்களில் சில உண்மை, சில பொய். இதைக் குறை என்று பலர் சொல்வதுண்டு. ஊருக்குப் புதியவனிடம் ஜனங்கள் எப்போது முழு உண்மையைச் சொல்லியிருக்கிறார்கள்?

2011இல் வந்த ஸ்கைரிம் இதைவிடப் பல மடங்கு பெரியது, ஒரு நாடே அதற்குள் இருக்கிறது. அதில் ஆடுபவனே காட்டேரி ஆகலாம். இரத்தம் குடிக்காமல் நாள் கடத்தினால் நோய் நான்கு படிகளாக முற்றும். முதலில் வெளியிட்ட வடிவத்தில், நான்காம் படி வந்துவிட்டால் கண்ட மாத்திரத்தில் ஊரே ஆயுதம் எடுத்துக்கொண்டு வரும். நேற்றுவரை கணக்கு வைத்துச் சாமான் கொடுத்தவன் இன்று கத்தியோடு பாய்வான். 2012இல் டான்கார்ட் என்ற கூடுதல் பாகம் வந்தபோது இதை மாற்றினார்கள். இறக்கை முளைத்த பேயுருவத்தை வெளிப்படையாக எடுத்தால் மட்டுமே ஊர் எதிர்க்கும் என்று ஆயிற்று. ஆனால் அதே பாகத்தில் வேறொரு கூத்து சேர்ந்துகொண்டது. இரவில் காட்டேரிக் கூட்டம் ஊருக்குள் புகும். உடனே கொல்லன், மளிகைக்காரன், கூலிக்காரி எல்லாரும் ஆளுக்கொரு குறுவாளை உருவிக்கொண்டு எதிரே ஓடிச் செத்துப்போவார்கள். செத்த கடைக்காரன் செத்தவன்தான், அப்புறம் ஊரில் கடையே இராது. ஆடுகிறவர்களுக்கே இது பொறுக்கவில்லை. ஊர்ஜனம் வீட்டுக்குள் ஓடிப் பதுங்கும்படி தாங்களே மாற்று நிரல் எழுதிச் சேர்த்துக்கொண்டார்கள். மனுஷ சுபாவம் அப்படியில்லை என்று பதினைந்து வயசுப் பையனுக்கும் தெரிந்திருக்கிறது.

2004இல் வந்த ப்ளட்லைன்ஸ் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தில் நடப்பது. அங்கே காட்டேரிகள் மனுஷர்களோடு மனுஷராகக் கலந்து, அடையாளம் தெரியாமல் வாழவேண்டும் என்பது அவர்கள் சட்டம். பொதுஜனம் பார்க்கும்படி பேய்த்தனம் செய்தால் ஒரு குற்றம் எழுதப்படும். ஐந்து குற்றம் சேர்ந்தால் ஆட்டம் முடிந்தது. பார்த்தவர்கள் அலறி ஓடுவார்கள், போலீஸ் வரும். பெருநகரத்தில் அவ்வளவுதான் நடக்கும். பக்கத்து பிளாட்டில் யார் இருக்கிறார் என்று தெரியாத ஊரில் காட்டேரி குடியிருப்பது கஷ்டமா என்ன?

இவற்றை எதோடு ஒப்பிடுவது? 1718இல் துருக்கியருக்கும் ஆஸ்திரியாவுக்கும் ஏற்பட்ட உடன்படிக்கையால் செர்பியாவின் வடபகுதி ஆஸ்திரியப் பேரரசின் கைக்கு வந்தது. புது அதிகாரிகள், புது பாஷை, புது ரிஜிஸ்தர். அந்தச் சமயத்தில் 1725இல் கிசில்யேவோ என்ற கிராமத்தில் பீட்டர் ப்ளோகோயோவிட்ஸ் என்பவன் இறந்தான். பத்து வாரம் கழித்து, எட்டே நாளில் அந்த ஊரில் ஒன்பது பேர் இறந்தார்கள். கிழவர் என்றும் இளையவர் என்றும் பார்க்காமல் வந்த சாவு, ஒவ்வொருவருக்கும் ஒருநாள் சீக்குத்தான். பீட்டர் தூக்கத்தில் வந்து மேலே படுத்துக் கழுத்தை நெரித்தான் என்று மரணப்படுக்கையில் சொல்லிவிட்டுச் செத்தார்கள். இது நடந்ததை எழுதியவர் ப்ராம்பால்ட் என்ற பேரரசு அதிகாரி. அவர் அறிக்கை அதே வருஷம் ஜூலையில் வியன்னாப் பத்திரிகையில் அச்சாயிற்று.

ஊர்ஜனங்கள் இங்கே என்ன செய்தார்கள் என்று கவனியுங்கள். கத்தி எடுக்கவில்லை. மனு கொடுத்தார்கள்! அதிகாரியிடம் போய், குழியைத் தோண்ட வேண்டும், நீங்களும் பாதிரியாரும் கூட இருந்து பார்க்கவேண்டும் என்று கேட்டார்கள். மேலிடத்து உத்தரவுக்கு பெல்கிரேடுக்கு எழுதவேண்டும், பொறுங்கள் என்றார் அவர். அதெல்லாம் ஆகாது, உத்தரவு வருவதற்குள் ஊரே அழிந்துவிடும், துருக்கியர் காலத்தில் இப்படி ஒரு கிராமம் அழிந்தது, நீங்கள் அனுமதிக்காவிட்டால் வீடு வாசலை விட்டு நாங்கள் கிளம்பிவிடுகிறோம் என்றார்கள். வரி கட்டுகிற குடிகள் ஊரைக் காலிசெய்வதைவிட ஓர் அதிகாரிக்குக் கெட்ட செய்தி உண்டா? போனார். தோண்டினார்கள். உடல் கெடவில்லை, தாடி வளர்ந்திருந்தது, பழைய தோல் உரிந்து புதுத்தோல் தெரிந்தது, வாயில் இரத்தம் இருந்தது என்று எழுதினார். ஜனங்கள் மரமுளையை நெஞ்சில் அடித்து, உடலை எரித்துவிட்டார்கள். அறிக்கையின் கடைசியில் ப்ராம்பால்ட் செய்திருப்பது எந்த ஆபீசிலும் இன்றும் காணக்கூடியது. இதில் தப்பு ஏதாவது இருந்தால் அது என்னுடையதல்ல, பயத்தால் மதிகலங்கிய ஜனக்கூட்டத்தினுடையது என்று கைகழுவிவிட்டார்.

ஆறு வருஷம் கழித்து மெட்வெஜா என்ற ஊரில் இன்னும் பெரிய கலவரம். எல்லையைக் காக்கக் குடியமர்த்தப்பட்ட படைவீரர்கள் வாழ்ந்த ஊர் அது. 1731 கடைசியில் மூன்று மாதத்தில் பதினேழு பேர் இறந்தார்கள். கொள்ளைநோயோ என்று பார்க்க க்ளாசர் என்ற வைத்தியரை முதலில் அனுப்பினார்கள். அவர் தொற்றுநோய் எதையும் காணவில்லை. கடுமையான விரதங்களாலும் சத்தில்லாத சாப்பாட்டாலும் உடம்பு கெட்டிருக்கிறது என்று அபிப்பிராயப்பட்டார். (விரதத்தின்மேல் பழிபோடும் டாக்டர்கள் அப்போதே இருந்திருக்கிறார்கள்!) ஆனால் ஜனங்கள் அவர் பேச்சைக் கேட்கத் தயாராயில்லை. இரவானால் இரண்டு மூன்று குடும்பமாக ஒரே வீட்டில் கூடுவார்கள். பாதிப்பேர் தூங்க, மீதிப்பேர் விழித்துக் காவலிருப்பார்கள். ஏதாவது செய்யாவிட்டால் ஊரைவிட்டுப் போவோம் என்று இவர்களும் சொன்னார்கள். படையில் இருந்த ஆண்கள், ஆயுதம் கையில் உள்ளவர்கள்! அவர்களே செய்தது சேர்ந்து படுத்துக்கொண்டதும் மனு கொடுத்ததும்தான்.

அடுத்து 1732 ஜனவரியில் ஃப்ளூக்கிங்கர் என்ற படை வைத்தியர் மற்ற அதிகாரிகளோடு வந்து குழிகளைத் திறந்து பார்த்தார். அவர் அறிக்கை ஐரோப்பா முழுதும் பரவி, வேம்பயர் என்ற சொல்லையே பல பாஷைகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அதில் மிலிட்சா என்ற அறுபது வயசுக்காரியைப் பற்றிய குறிப்பு ஒன்று. உயிரோடு இருந்த நாளெல்லாம் ஒட்டி உலர்ந்திருந்தவள், குழியில் இப்படிச் சதை போட்டிருக்கிறாளே என்று அவளைத் தெரிந்த வீரர்கள் ஆச்சரியப்பட்டார்களாம். பிணம் அழுகும்போது உள்ளே வாயு நிறைந்து உப்பும், அந்த அழுத்தத்தில் வாய்வழியே இரத்தம்போன்ற நீர் வரும், மேல்தோல் கழன்று கீழ்த்தோல் தெரியும். இதையெல்லாம் பால் பார்பர் என்பவர் 1988இல் எழுதிய நூலில் ஒவ்வொன்றாக விளக்கியிருக்கிறார். அந்த ஜனங்கள் கண்ணால் கண்டதைச் சரியாகவே சொன்னார்கள். காரணம்தான் வேறு.

இப்போது ஸ்கைரிம் மளிகைக்காரனை நினைத்துப் பாருங்கள். நாற்பது வருஷமாகக் கடை வைத்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். தெருவில் கலாட்டா என்று சத்தம் கேட்டால் எந்த வியாபாரியின் கையும் முதலில் போவது ஷட்டருக்குத்தான், கத்திக்கு இல்லை. அடுத்தது கல்லாப்பெட்டி. மூன்றாவது, வீட்டுக்குப் போன். இந்த மூன்றுக்கும் பிறகுதான் யார், என்ன என்று விசாரிப்பது. கேம் செய்பவர்கள் இந்த வரிசையை ஏன் விட்டுவிடுகிறார்கள் என்றால், ஓடி ஒளிந்தவனை வைத்துத் திரையில் காட்ட ஒன்றுமில்லை. அதைவிடப் பெரிய வித்தியாசம் இன்னொன்று. செர்பியாவில் ஒருவரும் காட்டேரியை நேருக்கு நேர் சண்டைக்கு நிற்கிற எதிரியாகக் காணவில்லை. அவர்களுக்குத் தெரிந்தது அடுத்தடுத்து விழுந்த சாவு. அதற்குக் காரணம் தேடிப் போய்ச் சேர்ந்த இடம், தங்களுக்குப் பழக்கமான ஒருவனின் குழி. காட்டேரி என்பது வெளியூர்ப் பிரபு இல்லை, கோட்டை இல்லை, கறுப்பு அங்கி இல்லை. போன மாசம் செத்த பக்கத்து வீட்டுக்காரன்.

அமெரிக்காவில் ரோட் ஐலண்ட் மாநிலத்து எக்ஸ்டர் ஊரில் 1892இல் நடந்ததைப் படித்தால் மனசு கனத்துப்போகும். ஜார்ஜ் பிரவுன் என்ற விவசாயி. மனைவி காசநோயில் போனாள், பிறகு மூத்த மகள், பிறகு 1892 ஜனவரியில் பத்தொன்பது வயசு மெர்சி. மகன் எட்வினும் இருமிக்கொண்டு படுத்திருக்கிறான். காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் கண்டுபிடித்துச் சரியாகப் பத்து வருஷம் ஆகியிருந்தது, 1882இல். ஆனாலும் செத்தவர்களில் ஒருத்திதான் எட்வினின் உயிரைக் குடிக்கிறாள் என்று அக்கம்பக்கத்தார் சொன்னார்கள். தகப்பனுக்கு அதில் நம்பிக்கை இல்லை. இருந்தும் சம்மதித்தார். மார்ச் மாதம் மூன்று உடல்களையும் பார்த்தார்கள். மற்ற இருவரும் எலும்பாகியிருந்தார்கள். இரண்டு மாசத்துக்கு முன்பு, அதுவும் பனிக்காலத்தில், கல்லறைக் கட்டிடத்துக்குள் வைத்திருந்த மெர்சி அப்படியே இருந்தாள். பார்த்த டாக்டர் இது இயற்கைதான் என்று சொல்லியும் நிற்கவில்லை. இதயத்தை எடுத்து ஒரு பாறைமேல் எரித்து, அந்தச் சாம்பலைத் தண்ணீரில் கலக்கி எட்வினுக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். இரண்டு மாசத்துக்குள் அவனும் இறந்தான்.

அந்தத் தகப்பன் செய்ததை எந்தக் கேமிலும் நான் கண்டதில்லை. நம்பவில்லை, ஆனால் ஒத்துக்கொண்டார். ஒரு பிள்ளை மிச்சம், ஊரார் வாசலில் நிற்கிறார்கள், நாளைக்கு இவனும் போனால் நீதான் தடுத்தாய் என்று சொல்லிவிடுவார்கள். கேமில் வரும் மனுஷர்கள் ஒன்று நம்புவார்கள், இல்லை நம்பமாட்டார்கள். இரண்டுக்கும் நடுவே நின்று, ஊருக்காகத் தலையாட்டுகிறவன் கிடையாது. நிஜத்தில் பாதிப்பேர் அங்கேதான் நிற்கிறோம். கழிப்பு எடுக்கச் சொன்னால் எடுக்கிறோம், மந்திரித்த கயிற்றைக் கட்டச் சொன்னால் கட்டுகிறோம், கேட்டால் பெரியவர்கள் சொன்னார்கள் என்கிறோம்.

இந்த நடுநிலைக்குக் கொஞ்சம் பக்கத்தில் வந்த கேம் ஒன்று உண்டு. பாரிஸில் உள்ள டோண்ட்நாட் கம்பெனி 2018இல் வெளியிட்டது, பெயரே வாம்பயர். 1918, லண்டன், ஸ்பானிஷ் ப்ளூ காய்ச்சலில் நகரம் செத்துக்கொண்டிருக்கிறது. இரத்தம் ஏற்றுவதில் நிபுணரான ஜொனாதன் ரீட் என்ற டாக்டர் போரிலிருந்து திரும்பி, காட்டேரியாகிவிடுகிறார். நகரத்தின் நாலு பகுதிகளில் பல பத்து பேர், ஒவ்வொருவருக்கும் பேர் உண்டு, குடும்பம் உண்டு, வெளியே சொல்லாத சங்கதி உண்டு. யாரை வேண்டுமானாலும் டாக்டர் கொன்று இரத்தம் குடிக்கலாம். இதில் கணக்கைப் பாருங்கள். ஒருவனுடைய கதையை எவ்வளவு தெரிந்துகொள்கிறாரோ, அவன் நோயைத் தீர்த்து எவ்வளவு தெம்பாக வைத்திருக்கிறாரோ, அவ்வளவுக்கு அவன் இரத்தத்தால் வரும் லாபம் அதிகம். ஆட்டை வளர்ப்பவன் கணக்குத்தான். பெரிய கசாப்புப் புத்தி இது. ஆனால் விளையாடுபவன் அதை மறுத்து ஒருவரையும் கொல்லாமலே கடைசிவரை போகலாம், நல்ல முடிவும் அவனுக்குத்தான். என்ன, பலம் கூடாது, எதிரிகளைச் சமாளிப்பது கஷ்டமாயிருக்கும். கொல்லாமைக்கு விலை உண்டு என்று சொல்லிக்கொடுக்கிற அளவில் இதை நான் குறை சொல்லமாட்டேன்.

டாக்டரைப் பார்த்து இத்தனை பேரில் அநேகமாக யாருக்கும் சந்தேகம் வருவதில்லையே, இது நம்பும்படி இருக்கிறதா என்று கேட்பார்கள். எனக்கு நம்பும்படிதான் இருக்கிறது. தெருவுக்கு நாலு பிணம் விழுகிற காய்ச்சல் காலத்தில் இன்னொரு சாவு யார் கண்ணில் படும்? முகம் வெளுத்திருந்தால் பாவம், தூக்கமில்லாமல் உழைக்கிறார் என்பார்கள். டாக்டரிடம் ஜனங்கள் வீட்டு இரகசியத்தைக் கொட்டுவதும் உள்ளதே. ஒருவர் இறந்தால் அவருடைய உறவுகள் தேடுவதும் அழுவதும், அதனால் வேறொருவர் கெட்டுப்போவதும் நன்றாகச் செய்திருக்கிறார்கள். நம்பமுடியாதது, கொலை கூடிப்போனால் ஒரு பேட்டையே ஓரிரவில் மொத்தமாக அழிந்துவிடுவதுதான். பேட்டை அப்படி அழியாது. வசதி உள்ளவன் முதலில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போவான், வாடகைக்காரன் அடுத்த மாசம் காலி செய்வான், ஏழை கடைசிவரை இருப்பான்.

காட்டேரியை அடையாளம் தெரியாமல் போவது எவ்வளவு இயல்பு என்பதற்கு நம்மிடமே ஒரு பெரிய சாட்சி இருக்கிறது. திருவாலங்காட்டை அடுத்த பழையனூர் நீலி கதை. சம்பந்தர் பதிகத்திலேயே இதன் குறிப்பு வருகிறது, பின்னால் பல பாடமாக வளர்ந்தது. தன்னைக் கொன்றவனை மறுபிறவியிலும் துரத்திவந்த பேய், வணிகன் ஒருவன் பின்னால் அவன் மனைவிபோல உருவெடுத்து வருகிறது. கள்ளிக் கொம்பு ஒன்றைக் கைக்குழந்தையாக்கி இடுப்பில் வைத்திருக்கிறது. பழையனூர் வேளாளர் எழுபது பேர் கூடிய சபையில் வணிகன், இவள் என் பெண்டாட்டி இல்லை, பேய் என்று கதறுகிறான். அவள் அழுகிறாள். குழந்தை அப்பா என்று அவனிடம் தாவுகிறது. அவன் கையிலோ மந்திரித்த கத்தி. பேயிடமிருந்து தப்ப ஒருவர் கொடுத்தது. அதைப் பார்த்து, என்னைக் கொல்லத்தான் வைத்திருக்கிறார் என்கிறாள் நீலி. சபையார் கத்தியை வாங்கிக்கொண்டு, உன் உயிருக்கு ஏதாவது வந்தால் நாங்கள் எழுபது பேரும் உயிர்விடுகிறோம் என்று வாக்குக் கொடுத்து, இருவரையும் ஒரே வீட்டுக்குள் விட்டார்கள். விடிந்தபோது வணிகன் பிணமாகக் கிடந்தான். எழுபது பேரும் தீப்பாய்ந்தார்கள். நீலிக் கண்ணீர் என்று இன்றைக்கும் சொல்கிறோம்.

அந்தச் சபையை மடையர் சபை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கண்ணெதிரே இருந்த சாட்சியம் என்ன? அழுகிற பெண், பால்குடி மாறாத பிள்ளை, ஆயுதத்தோடு விட்டுப்போகப் பார்க்கிற புருஷன். எந்தப் பஞ்சாயத்தும் இதே தீர்ப்பைத்தான் சொல்லும். பேய் என்று ஒருவன் கத்தினால், மனைவியை விரட்ட அவன் கட்டிய கதை என்றுதான் நல்ல மனுஷர்களுக்குத் தோன்றும். அப்படித் தோன்றாத ஊர்தான் பயங்கரமான ஊர்.

ஏன் என்றால், அந்தப் பக்கத்தையும் நாம் பார்த்துவிட்டோம். ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டின் தென்பகுதியில் 2017இல், இரத்தம் உறிஞ்சுபவர்கள் சுற்றுகிறார்கள் என்று வதந்தி கிளம்பிற்று. கிராமத்தார் இரவில் கூட்டமாகக் காவல் நின்றார்கள். அந்நியராகத் தெரிந்தவர்களைப் பிடித்து விசாரித்தார்கள். சிலரை அடித்தே கொன்றார்கள். ஐக்கிய நாடுகள் சபை சில மாவட்டங்களிலிருந்து தன் ஊழியரை அப்புறப்படுத்திற்று, அரசாங்கம் இரவு ஊரடங்கு போட்டது. செர்பியாவிலும் எக்ஸ்டரிலும் குற்றவாளி ஏற்கெனவே பிணம், அதனால் புதிதாக யாரும் சாகவில்லை. உயிரோடு இருப்பவனைக் காட்டேரி என்று சொல்ல ஆரம்பித்தால் கதை வேறு. பிள்ளை பிடிக்கிறவன் என்ற வதந்தியில் நம் நாட்டிலும் 2018இல் வாட்ஸ்அப் செய்தியை நம்பி, பாஷை தெரியாத வழிப்போக்கர்களை எத்தனை ஊரில் அடித்தார்கள்! வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இது வெறும் செய்தி இல்லை. சந்தேகம் வந்த ஊரில் முதலில் விசாரிக்கப்படுகிறவன், உச்சரிப்பு மாறிப் பேசுகிறவன். கேம்களில் இந்தப் பக்கம் ரொம்பக் குறைவாகத்தான் வருகிறது. அங்கே ஊர்க்கூட்டம் துரத்துகிறவன் எப்போதும் நிஜமான காட்டேரிதான். தப்பான ஆளைத் துரத்துகிற ஊரை யாரும் காட்டுவதில்லை.

மரியா தெரசா மகாராணி இதைப் புரிந்துகொண்டவர். 1755இல் மறுபடி ஒரு பெண்ணின் உடலைத் தோண்டி எரித்த செய்தி எட்டியதும், தம் அரண்மனை வைத்தியர் கெரார்ட் வான் ஸ்வீட்டனிடம் அபிப்பிராயம் கேட்டு, இப்படித் தோண்டுவதையும் எரிப்பதையும் தடைசெய்து உத்தரவு போட்டார்.

பெற்றோர்களுக்காக ஒன்று. இந்தக் கேமெல்லாம் பிள்ளைகள் மனசைக் கெடுக்காதா என்று கேட்கிறவர்கள் கிளாஸ்கோ நகரத்துக் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது. 1954 செப்டம்பரில் கார்பல்ஸ் என்ற பேட்டையின் கல்லறைத் தோட்டத்துக்குள் நூற்றுக்கணக்கான சிறுவர்கள் தடி, கத்தி, நாய் சகிதம் புகுந்தார்கள். இரும்புப் பல் உள்ள காட்டேரி இரண்டு பையன்களைத் தின்றுவிட்டது, அதைப் பிடிக்கப்போகிறோம் என்றார்கள். காணாமற்போன பையன் ஒருவனும் இல்லை. அமெரிக்கப் பேய்ச் சித்திரக்கதைதான் காரணம் என்று பெரியவர்கள் முடிவுகட்டினார்கள், 1955இல் பார்லிமெண்டில் சட்டமே வந்தது. ஆனால் இரும்புப் பல் காட்டேரி வந்த சித்திரக்கதை எதையும் யாராலும் காட்டமுடியவில்லை. இரும்புப் பல் மிருகம் பைபிளில் தானியேல் ஆகமத்தில் இருக்கிறது, அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரிந்த ஒரு பழைய ஸ்காட்லாந்துப் பாட்டிலும் இருக்கிறது. பிள்ளைகள்தான் நேரே தேடிக்கொண்டு போனார்கள் என்பதையும் கவனியுங்கள். ஸ்கைரிம் ஊரார் செய்வதை நிஜத்தில் செய்தவர்கள் பத்து வயசுக்காரர்கள் மட்டுமே.

நீலகேசியைச் சொல்லாமல் விட்டால் எங்கள் ஆட்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். 1936இல் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் பதிப்பித்த பிறகுதான் இக்காப்பியம் பலர் கைக்கும் வந்தது. இதில் நீலி கதையைச் சமணப் புலவர் தலைகீழாகத் திருப்புகிறார். காளி கோயிலுக்கு வேண்டுதல் செலுத்த உயிர்ப்பலி கொண்டுவந்த ஜனங்களை முனிச்சந்திரர் என்ற முனிவர் நிறுத்தி, மண்ணால் செய்த உருவங்களைக் கொடுங்கள், போதும் என்கிறார். ஜனங்கள் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். கோபம் வந்தது காளிக்குத்தான். அவள் முனிவரைப் பயமுறுத்தப் பழையனூரிலிருந்து நீலியை வரவழைக்க, நீலி எல்லா வேஷமும் போட்டுப் பார்த்துத் தோற்று, அவருக்கே மாணவியாகிறாள். எனக்கு இதில் பிடித்தது அந்த ஜனங்கள். வேண்டுதல் நிறைவேறவேண்டும், சாமி கோபிக்கக்கூடாது, அதற்கு மண்பொம்மை போதுமென்று நம்பத்தக்க ஒருவர் சொன்னால் சரி, ஆடும் மிச்சம். பேய்க்கும் தெய்வத்துக்கும் நடுவே குடும்பம் நடத்துகிறவன் புத்தி எந்த நாட்டிலும் இப்படித்தான் ஓடும்.

கிசில்யேவோ அறிக்கையில் இன்னொரு வரி உண்டு. கேம் எழுதுகிற பிள்ளை யாராவது நம் சங்கத்துக் குடும்பங்களில் இருந்தால், அவர்களுக்காக அதை இங்கே எழுதுகிறேன். ஊரில் சாவு விழ ஆரம்பித்த சமயம், செத்த பீட்டரின் மனைவி ஊரார் கூட்டத்தில் ஒன்று சொன்னாள். புருஷன் தன்னிடம் வந்தான், கழுத்தைப் பிடிக்கவில்லை, இரத்தம் கேட்கவில்லை, தன் செருப்பைக் கேட்டான் என்றாள். கொடுத்தாளா இல்லையா என்று ப்ராம்பால்ட் எழுதவில்லை. அவள் கிசில்யேவோவை விட்டு வேறு ஊருக்குப் போய்விட்டாள் என்று மட்டும் இருக்கிறது.